மேல்மலைப் பண்ணைக்குட்டையில் கிப்ட் திலாப்பியா விடலாமா? உபரிநீர் ஓடையில் கலக்கிறது

பூண்டுக்காடு கேட்டது:

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் கூக்கால் பக்கம், ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் பூண்டும் உருளையும் போடுகிற நிலம். பாசனத்துக்கு வெட்டிய பண்ணைக்குட்டை ஒன்று இருக்கிறது. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு. மேலே ஓடையிலிருந்து 2 அங்குலக் குழாயில் தண்ணீர் வருகிறது. நிரம்பினால் 4 அங்குலக் குழாய் வழியாக அதே ஓடையில் கொஞ்சம் கீழே போய் விழுகிறது. தண்ணீரின் வெப்பம் ஜனவரி காலையில் 11 டிகிரி, ஏப்ரல் மதியம் 21 டிகிரி.

குஞ்சு விற்கிற ஒருவர் ‘கிப்ட் திலாப்பியா போடுங்க, எல்லாம் ஆண் மீன், பெருகாது, எந்தத் தண்ணியிலும் நிக்கும்’ என்கிறார். இன்னொருவர் டிரவுட் என்கிறார். சாதாக் கெண்டை விடலாமா என்றும் ஒரு யோசனை. ஓடைக்குக் கேடு வராமல் எதை விடலாம்? வலை கட்டினால் போதுமா? அனுமதி வாங்க வேண்டுமா?

---

நீர்வழி:

எந்த மீன் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். உபரிநீர் ஓடையில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முடிவு செய்ய வேண்டியது அந்த இடத்தில்தான். குட்டையில் விட்ட மீன் என்றைக்காவது ஒருநாள் ஓடைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு, போனால் எந்தப் பக்கம் நகரும், அங்கே பிழைக்குமா, பெருகுமா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன மூன்று மீனுக்கும் மூன்று பதில் வரும்.

திலாப்பியா கீழே போகும். 16 டிகிரிக்குக் கீழே அது சரியாகத் தீனி எடுக்காது, 10, 11 டிகிரியில் செத்து மிதக்கத் தொடங்கும். உங்கள் குட்டையில் அது வளராது, லாபமும் வராது. ஆனால் மழையில் அடித்துப் போனால் சில மணி நேரத்தில் சூடான தண்ணீருக்கு இறங்கிவிடும். 20 டிகிரிக்கு மேல் முட்டையிடும், குஞ்சை வாயில் வைத்துக் காக்கும். ஒரே ஒரு தாய் மீன் போனால்கூட இருநூறு முந்நூறு குஞ்சு அதன் வாயோடு போகிறது என்று அர்த்தம்.

‘எல்லாம் ஆண்’ என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். குஞ்சுப் பருவத்தில் மூன்று நான்கு வாரம் தீனியில் ஹார்மோன் கலந்து கொடுத்து ஆணாக்குகிறார்கள். நன்றாகச் செய்தாலே 95 முதல் 99 சதவீதம்தான் கிடைக்கும். 1,000 குஞ்சு வாங்கினால் 10 முதல் 50 பெண் மீன் அதற்குள் இருக்கும். பெருகுவதற்கு அது தாராளம்.

‘கீழே அமராவதி அணையில் ஏற்கெனவே ஜிலேபி, அதாவது திலாப்பியா, நிறைய இருக்கிறதே, இனி என்ன கெடும்’ என்று யாராவது சொல்லலாம். அது 1952இல் நாட்டுக்குள் வந்த மொசாம்பிக் திலாப்பியா. கிப்ட் என்பது வேகமாக வளரத் தேர்ந்தெடுத்த நைல் திலாப்பியா. இரண்டும் கலந்து இனம் பெருக்கும். ஒரு அந்நிய மீன் இருக்கிற இடத்தில் இன்னொன்றையும் சேர்த்தால் சுமை கூடத்தான் செய்யும், நோய் வேறு தனியாக வரும்.

டிரவுட் மேலே போகும். 12 முதல் 18 டிகிரி வரை அதற்குச் சுகம், 25ஐ எட்டினால் சாவு. அதனால் அடிவாரத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆபத்து மேலே, சோலைக்குள் இருக்கிற ஓடைக்கு. பெரிய அருவிகளுக்கு மேலே உள்ள நம் மலை ஓடைகளில் பெரிய வேட்டை மீன் இயல்பாகக் கிடையாது. அங்கே உள்ள தவளைகளும் நீர்ப்பூச்சிகளும் அப்படிப்பட்ட மீனுக்குத் தப்பிக்கப் பழகாதவை. பழனி மலைக்கே உரிய ஒரு மரத்தவளை இருக்கிறது, கட்டிக்ஸாலஸ் ஆஸ்டெராப்ஸ் என்று 2008இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். ஓடையோரம் நுரைக்கூடு கட்டி முட்டையிடும், தலைப்பிரட்டை ஓடைக்குள் விழுந்து வளரும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் இலைச்சருகில் முட்டை பொரிக்கிற புதர்த்தவளைகள் தப்பிக்கும், இது தப்பிக்காது. அதோடு டிரவுட்டுக்கு ஓயாமல் ஓடுகிற, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். தேங்கிய குட்டைக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது.

சாதாக் கெண்டை விட்ட இடத்திலேயே தங்கும், குளிர் தாங்கும், நீர்ச்செடியில் ஒட்டுகிற முட்டையாக இட்டுப் பெருகும். அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலங்கலாக்கும். செடி போகும், செடியை நம்பிய சிற்றுயிர்களும் போகும். மணிப்பூர் லோக்டாக் ஏரியில் ஆஸ்டியோபிராமா பெலாஞ்சேரி என்ற நாட்டு மீன் அருகிப்போனதற்கு இந்தக் கெண்டையின் வரவையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

என் பரிந்துரை புல் கெண்டை மட்டும். அதுவும் வெளிநாட்டு மீன்தான், 1959இல் ஹாங்காங்கிலிருந்து வந்தது. ஆனால் தேங்கிய நீரில் முட்டையிடாது. நீண்டு ஓடும் பெரிய ஆறு கிடைத்தால்தான் முட்டை மிதந்து பொரிக்கும். இங்கே குஞ்சுகள் எல்லாம் பொரிப்பகத்தில் தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு எடுப்பவை. உங்கள் ஓடைக்குத் தப்பினால் அந்த மீனோடு அது முடிந்துவிடும். குளிரையும் தாங்கும். 300 சதுர மீட்டருக்கு 150 மீன் போதும். சமவெளியில் வளர்கிற வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

---

குந்தா47:

நீர்வழி அண்ணா, டிரவுட் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எங்கள் நீலகிரியில் அவலாஞ்சி பொரிப்பகம் 1907இல் இருந்து இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் டிரவுட் ஊரெல்லாம் பரவி ஆட்டம் போடவில்லையே. அரசே விட்ட மீனை விவசாயி விடக்கூடாதா?

---

நீர்வழி:

நியாயமான கேள்விதான், தம்பி. டிரவுட் பரவாமல் நின்றதற்குக் காரணம் வெப்பம். குளிர்ந்த மேட்டு ஓடைகளைத் தாண்டி அதனால் இறங்க முடியாது. அந்த மேட்டு ஓடைகளுக்குள் என்ன குறைந்தது என்பதைச் சொல்ல, டிரவுட் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. கணக்கே எடுக்காத இடத்தில் நட்டமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஊட்டி ஏரிக்கு 1939இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை வந்தது, அதற்கும் முன்பே 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து டென்ச் என்ற மீன் வந்தது. அன்றைக்கு வளரும், ருசிக்கும் என்ற இரண்டைத்தான் பார்த்தார்கள். பின்னால் வந்த நெறிமுறைகள் அப்படிப்பட்ட பாடங்களில்தான் பிறந்தன. உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் 1995ஆம் ஆண்டு பொறுப்பான மீன்வள நடத்தை விதிகளும், கடலாய்வுக்கான சர்வதேச மன்றத்தின் நெறிமுறையும் சொல்வது ஒன்றுதான்: கேடு வராது என்று தெரியும்வரை கேடு வரலாம் என்று வைத்துக்கொள். வெளியிலிருந்து வந்த தாய் மீனை நேராகத் தண்ணீரில் விடக்கூடாது. தனிமையில் வைத்து, அதன் குஞ்சுத் தலைமுறையை நோய் பார்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். 2009இல் வன்னாமெய் இறாலை அனுமதித்தபோது குறிப்பிட்ட நோய்க்கிருமி இல்லாத தாய் இறாலை மட்டும் சென்னை நீலாங்கரை தனிமைப்படுத்தல் நிலையம் வழியாக உள்ளே விட்டது இந்த முறைப்படிதான். மலையில் இருக்கிற ஒற்றைக் குட்டைக்கும் சின்ன அளவில் அதையே செய்யலாம்.

இந்த மலைகளில் சீகை மரத்தையும் பைனையும் நட்டவர்களும் நல்லதை நினைத்துத்தான் நட்டார்கள். இன்றைக்குப் புல்வெளியில் பரவிய சீகையை வேரோடு எடுக்கப் படுகிற பாட்டை நாம் பார்க்கிறோம். மரத்தையாவது கண்ணால் பார்த்து வெட்டலாம். ஓடைக்குள் போன மீனை எப்படித் தேடுவது?

---

கல்கட்டு:

வலை கட்டினா போதுமான்னு கேட்டிருக்கீங்க. வலை மட்டும் போதாது, வலை அடைச்சுக்கும். மேல்மலையில பைன் ஊசி இலையும் சீகைச் சருகும் ஒரு ராத்திரி மழையில பொடிக்கண்ணு வலையை மெத்தை மாதிரி மூடிடும். தண்ணி வழி தேடிக் கரை மேல ஏறி வழியும், மீனும் கூடவே போகும். வலை கட்டின குட்டையில மீன் தப்பிச்சுதுன்னா பெரும்பாலும் இப்படித்தான். அதனால முதல்ல உபரிநீரே வராத மாதிரி பண்ணுங்க, வலையை ரெண்டாவது காவலா வைங்க.

கணக்கு போட்டுப் பாப்போம். உங்க குட்டை 300 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை நேரா குட்டையில விழுந்தா 30,000 லிட்டர். தண்ணி மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவுல 60 சென்டிமீட்டர் காலியா வச்சா 1,80,000 லிட்டர் தாங்கும். அதாவது ஓடைக் குழாயை மூடிட்டா 600 மில்லிமீட்டர் மழைக்குக்கூட குட்டை வழியாது. குட்டையை நிரப்பி வழிய விடறது மழை இல்ல, மூடாத குழாயும் மேட்டுலேர்ந்து ஓடி வர்ற தண்ணியும்தான். அதனால இந்த நாலையும் செய்யுங்க:

1. ஓடைக் குழாய்ல கேட் வால்வு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைல மூடியே இருக்கணும்.
2. குட்டைக்கு மேல்பக்கம் அரைவட்டமா ஒரு வெட்டு வாய்க்கால், 45 சென்டிமீட்டர் அகலம், 30 ஆழம். மேட்டுத் தண்ணி குட்டையைச் சுத்திக்கிட்டுப் போயிடும். கரையை மேல்பக்கம் தரையைவிட 30 சென்டிமீட்டராவது உசத்திக் கட்டுங்க.
3. உபரிக் குழாயை ஓடைலேர்ந்து எடுத்துட்டு, பூண்டுப் பாத்தியோட தலைவாய்க்காலுக்குத் திருப்புங்க. தப்பற மீன் மண்ணுலதான் விழும், ஓடைக்குப் போகாது.
4. உள்வரும் குழாயோட வாய் தண்ணி மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் மேல நிக்கணும். முழுகி இருந்தா மீன் அதுக்குள்ளயே எதிர்நீச்சல் போட்டு மேல ஏறும். ஓடைப் பக்க வாய்ல 1 மில்லிமீட்டர் வலைப் பை கட்டினா தலைப்பிரட்டையும் கல்லொட்டி மீன் குஞ்சும் குட்டைக்குள்ள வந்து மாட்டாது.

உபரிக் குழாய் வாய்க்கு வலைத்தட்டு சின்னதா வைக்காதீங்க. 4 அங்குல வாயை 4 அங்குல வலையால மூடினா பத்து இலை வந்தா போதும், அடைஞ்சிரும். அதுக்குப் பதிலா அரை மீட்டர் நீள 200 மில்லிமீட்டர் பிவிசி குழாய்ல சுத்திலும் துளை போட்டு, மேல துருப்பிடிக்காத எஸ்எஸ் வலை சுத்தி, அதை உபரிக் குழாய்க்குத் தொப்பி மாதிரி மாட்டுங்க. வலைப் பரப்பு பல மடங்கு கூடும், இழுக்கற வேகம் குறையும், இலை ஒட்டாது. நீர்வழி அண்ணே சொன்ன புல் கெண்டைல இன்னொரு வசதி இருக்கு. 10 சென்டிமீட்டருக்கு மேல வளர்ந்த குஞ்சா விட்டா, உள்ள பெருகாதுங்கறதால பொடிக்கண்ணே தேவையில்ல, 6 மில்லிமீட்டர் கண்ணு போதும். சாதாக் கெண்டைன்னா முட்டை ஒண்ணு, ஒன்றரை மில்லிமீட்டர், பொரிச்ச குஞ்சு 5, 6 மில்லிமீட்டர். அதை நிறுத்த கால் மில்லிமீட்டர் வலை வேணும், மேல்மலைல அது ஒரு மழைக்குத் தாங்காது.

---

செவுள்:

மீனைப் பற்றிப் பேசினோம், மீனோடு வருவதைப் பற்றிப் பேசவில்லை. குஞ்சுப் பையில் இருக்கிற தண்ணீரில் நங்கூரப்புழுவின் இளம்பருவம், மீன் பேன், பூஞ்சை வித்து, வேறு மீன் குஞ்சு, நத்தை முட்டை, பாசித் துண்டு எல்லாம் இருக்கலாம். திலாப்பியா ஏரி வைரஸ் நம் நாட்டில் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் பதிவாகியிருக்கிறது. பையைக் குட்டையில் மிதக்கவிட்டு, அப்படியே கவிழ்த்து ஊற்றுவதுதான் பழக்கம். அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

500 முதல் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றைக் குட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். மீன் வந்ததும் ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கையால் எண்ணிப் பிரியுங்கள். கலந்து வந்த குஞ்சு இந்தத் தட்டில்தான் கண்ணில் படும். நீண்ட மீசை தெரிந்தால் கெளுத்தி. அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. காற்றை மூச்சிழுக்கும், ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த ஓடைக்குப் போகும், அதை வளர்க்கத் தடையும் இருக்கிறது. பிரித்த குஞ்சை லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்புக் கரைசலில் ஒன்று, இரண்டு நிமிடம் முக்குங்கள். மீன் பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

இங்கே பலர் கோட்டைவிடுவது வெப்ப வித்தியாசத்தில். சமவெளியில் 27, 28 டிகிரியில் இருந்த குஞ்சை 16 டிகிரித் தண்ணீரில் விட்டால் செதில் ஓரம் வெண்பஞ்சு படர்ந்து ஒரு வாரத்தில் சாகும். பையைக் கால் மணி நேரம் மிதக்கவிடுவது இந்த அளவு வித்தியாசத்துக்குப் போதாது. தொட்டித் தண்ணீரில் சுடுநீர் கலந்து பைத் தண்ணீரின் வெப்பத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே வைத்துத் தொடங்கி, நாளுக்கு இரண்டு, மூன்று டிகிரியாகக் குறைத்து, குட்டை நீரோடு சமமாக்குங்கள். காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பின் அதே தொட்டியில் 21 நாள் பாருங்கள். வாலருகே நூல் போலத் தொங்கினால் நங்கூரப்புழு. தொட்டியில் மீன் உரசிக்கொண்டே இருந்தால் பேன். ஒன்று தெரிந்தாலும் மொத்தக் கூட்டமும் குட்டைக்குப் போகக்கூடாது.

பைத் தண்ணீரையும் தொட்டிக் கழிவுநீரையும் 100 லிட்டருக்கு 70 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒருநாள் வைத்து, ஓடையிலிருந்து எட்டத்தில் மண்ணில் ஊற்றுங்கள். அந்த நீர் ஓடைக்குப் போனால் மீன் போவதைவிடக் கேடு. வலை, வாளி, பூட்ஸ் எல்லாம் தொட்டிக்குத் தனி, குட்டைக்குத் தனி. ‘வலையை வெயிலில் காயவை’ என்பது சமவெளி அறிவுரை. மேல்மலை மூடுபனியில் வலை மூன்று நாளானாலும் உள்முடிச்சு ஈரமாகவே இருக்கும். 60 டிகிரி சுடுநீரில் 5 நிமிடம் முக்கி எடுப்பதுதான் இங்கே நம்பகம். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சைக்கும் அந்தச் சூடு போதும்.

தீனி பற்றியும் ஒன்று. புல் கெண்டைக்கு முட்டைக்கோஸ் இலை, கேரட் தழை போடலாம் என்று தோன்றும். மருந்து அடித்த தழை மீனைக் கொன்றுவிடும். வரப்பில் வளரும் கிக்குயு புல்லை அறுத்துப் போடுங்கள்.

---

பூண்டுக்காடு:

எல்லாருக்கும் நன்றி. புல் கெண்டைதான் என்று முடிவு செய்துவிட்டேன், உபரிக் குழாயையும் பாத்திக்குத் திருப்பிவிடுகிறேன். இரண்டு கேள்வி. குட்டையில் இப்போதே சின்ன மீன் கூட்டம் ஒன்று இருக்கிறது, கொசுவுக்காக யாரோ விட்டது. சாம்பல் நிறம், இரண்டு அங்குலத்துக்குள், தலை தட்டை, வாய் மேல்நோக்கி இருக்கிறது. இதை என்ன செய்வது? என்னதான் செய்தும் மீன் ஓடைக்குப் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும்?

---

நீர்வழி:

வால் துடுப்பில் வரிசையாகக் கரும்புள்ளி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது கம்பூசியா, 1928இல் மலேரியாவுக்காக நாட்டுக்குள் வந்தது. ஆண் மீனுக்குப் பளிச்சென்று நிறம் இருந்தால் கப்பி. கம்பூசியா குட்டி போடும், முட்டையிட இடம்கூடத் தேடாது. குளிர் தாங்கும், தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். உங்கள் ஓடைக்கு இன்றைக்குக் கண்முன் இருக்கிற ஆபத்து இதுதான். புது மீனுக்கு முன்னால் இதை எடுங்கள்.

விரிப்புப் போட்ட குட்டைக்கு விஷம் தேவைப்படாது. தை, மாசியில் மழை ஓய்ந்த பிறகு ஓடைக் குழாயை மூடி, தண்ணீரை மோட்டாரில் பூண்டுப் பாத்திக்கே பாய்ச்சுங்கள். உறிஞ்சு குழாயின் வாயைக் கொசுவலை சுற்றிய கூடைக்குள் வையுங்கள். பிறந்த குட்டியே 6, 7 மில்லிமீட்டர் இருக்கும், கொசுவலை நிறுத்திவிடும். கடைசி முழங்கால் ஆழத்தில் கொசுவலையால் அரித்து எடுங்கள். விரிப்பு மடிப்புகளில் உள்ளங்கை அளவு தண்ணீர் நின்றால்கூட நாலு மீன் பிழைக்கும், ஒவ்வொரு மடிப்பையும் துடையுங்கள். பிறகு பத்து நாள் காயட்டும். அடியில் சேறு சேர்ந்து வற்றாமல் நின்றால் மட்டும் இலுப்பைப் புண்ணாக்கு: கன மீட்டருக்கு 250 கிராம். 30 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 90 கன மீட்டர், இருபத்திரண்டரை கிலோ. இரவு ஊறவைத்துக் காலையில் பரப்புங்கள். நஞ்சு தணிய மூன்று வாரம் ஆகும், அதுவரை ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது.

மீன் தப்பினால் முதலில் வால்வை மூடி, உபரிக் குழாயைத் துணியால் அடையுங்கள். ஓடையில் கீழே முதலில் வருகிற கல் இறக்கத்தில் குறுக்கே வலை கட்டி, அங்கிருந்து குட்டை வரை ஒவ்வொரு மடுவாகக் கைவலையால் அரித்து வாருங்கள். முதல் இரண்டு நாளில் கிடைப்பதுதான் கிடைக்கும். ஓடையில் பிளீச்சிங் பவுடரோ புண்ணாக்கோ போடவே கூடாது. தப்பிய மீனைவிட அது அதிகம் கொல்லும். எத்தனை விட்டீர்கள், எத்தனை பிடித்தீர்கள் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் எத்தனை போனது என்று தெரியும். அதனால் விடும் நாளிலிருந்தே ஒரு நோட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை உபரிநீர் முன்பு விழுந்த இடத்துக்குக் கீழே 50 மீட்டர் கைவலை போட்டுப் பார்த்து அதையும் எழுதுங்கள்.

அனுமதிக்கு, மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் குட்டையைப் பதிவு செய்யுங்கள். ஓடை காப்புக்காட்டிலிருந்து வருகிறது என்றால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, எல்லை உங்கள் ஓடையைத் தொடுகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் தெரியும். 2022 திருத்தத்துக்குப் பின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஏ பிரிவில், ஊடுருவும் அந்நிய உயிரினங்களை வைத்திருப்பதையும் விற்பதையும் பெருக்குவதையும் கட்டுப்படுத்த ஒன்றிய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. திலாப்பியாவுக்கும் தனி அனுமதி வேண்டும் என்பதைக் குஞ்சு விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

---

கல்கட்டு:

ஒண்ணு விட்டுப்போச்சு. பங்குனில குட்டையைத் திரும்ப நிரப்பறப்ப ஓடைல தண்ணி கம்மியா இருக்கும். வால்வை முழுசாத் திறந்து ஒரே நாள்ல இழுத்தா கீழ மடு வத்தி, இருக்கற தலைப்பிரட்டையும் போயிடும். வால்வை கால்வாசி மட்டும் திறந்து பத்துப் பன்னிரண்டு நாள்ல நிரப்புங்க. கரை உச்சிக்கு 60 சென்டிமீட்டர் கீழ விரிப்பு மேல சிவப்பு பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க, தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டதும் வால்வை மூடற ஆளுக்குத் தெரியும்.